அறுப்பின் பண்டிகைக்கு முன் ஒரு விண்ணப்பம்

தளேகாவ், தேஹு ரோடு வட்டாரத் தமிழ்ச் சபையாருக்கு ஒரு திறந்த மடல்



பண்டிகைக் கமிட்டி கூடப்போகிறது. பந்தல் யாருக்கு, சமையல் யாருக்கு, எத்தனை கிலோ கறி, ஏலத்துக்கு யார் குரல் கொடுப்பது என்று பேசி முடிக்கவே ஒரு சாயங்காலம் போதாது. அந்தப் பேச்சுக்கு நடுவில் நான் எழுந்து இதைச் சொன்னால் இரண்டு பேர் சிரிப்பார்கள், மூன்றாமவர் பேச்சை மாற்றுவார். அதனால்தான் எழுதித் தருகிறேன். வீட்டில் சாவகாசமாக வாசியுங்கள்.

விண்ணப்பம் இதுதான். நம் பண்டிகைக்கு வருகிற ஆட்டையும் கோழியையும் நாம் நடத்துகிற விதம் நம்முடைய விசுவாசத்தோடு ஒட்டவில்லை. அதை மாற்றிக்கொள்வோம். கறிச்சோற்றை நிறுத்துங்கள் என்று சொல்ல வரவில்லை. அசனப் பந்தியில் உங்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவன்தான் நானும். ஆனால் சாப்பிடுவதற்கும் வதைப்பதற்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது. அந்தக் கோட்டைப் போட்டது நம் வேதம்தான்.

நாசரேத்திலிருந்தும் சாயர்புரத்திலிருந்தும் மெஞ்ஞானபுரத்திலிருந்தும் நாகர்கோவில் பக்கத்திலிருந்தும் வந்தவர்கள் நாம். தேஹு ரோடு ராணுவக் கிடங்கு வேலைக்கு ஒரு தலைமுறை வந்தது, தளேகாவ் எம்.ஐ.டி.சி. கம்பெனிகளுக்கு அடுத்த தலைமுறை வந்தது. வரும்போது பாட்டுப் புத்தகத்தோடு பண்டிகையையும் கட்டிக்கொண்டு வந்தோம். லோணாவளா லோக்கலில் இறங்கி வருகிற மராத்திக்காரர்கள் நம் ஏலச் சத்தத்தைக் கேட்டு நின்று வேடிக்கை பார்ப்பதும் உண்டு. இளநீர் குலை, பூசணிக்காய், முட்டை, வீட்டில் சுட்ட முறுக்கு என்று காணிக்கை வந்து குவிந்து, ஐம்பது ரூபாய்ப் பூசணி ஐந்நூறுக்குப் போகிற சந்தோஷம் வேறெங்கும் கிடைக்காது. அதில் எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை.

சேவல் மேடைக்கு வரும்போதுதான் எனக்குச் சங்கடம் தொடங்குகிறது. ஆராதனை தொடங்குவதற்கு முன்பே இரண்டு காலையும் பிளாஸ்டிக் கயிற்றால் இறுக்கிப் பந்தலோரம் போட்டிருப்போம். பந்தலின் நிழல் நகர்ந்துவிடும். சேவல் நகர முடியாது. வெயிலில் அலகைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்கும். கோழிக்கு வேர்க்காது, உடல் சூட்டைத் தணிக்க அதற்கு இருக்கிற முக்கியமான வழி இப்படி மூச்சிரைப்பதுதான். பிறகு ஏலக்காரர் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிக் காட்டுவார். விலை ஏறுகிற மட்டும் அது அப்படியே தொங்கும். கோழிக்கு நமக்கு இருப்பதுபோல் உதரவிதானம் கிடையாது. தலைகீழாகத் தொங்கும்போது குடலும் ஈரலும் சரிந்து மூச்சுக்கான காற்றுப் பைகளை அழுத்துகின்றன. முதலில் இறக்கையை அடித்துக்கொள்ளும், பிறகு அடங்கிவிடும். அடங்கியதும் ‘சாதுவான சேவல்’ என்று மைக்கில் சொல்வோம், கூட்டம் சிரிக்கும். முன்வரிசையில் சண்டே ஸ்கூல் பிள்ளைகளும் சிரிப்பார்கள்.

ஆடுகளின் கதை சமையல் கொட்டகைக்குப் பின்னால் நடக்கிறது. விடியற்காலையில் ஒன்றை அறுக்கும்போது மற்றவை பக்கத்திலேயே கட்டிக் கிடக்கும். ராத்திரி முழுக்கத் தண்ணீர் வைக்க யாருக்கும் தோன்றியிராது. எப்படியும் காலையில் போகப்போகிற ஆடுதானே என்பது நம் கணக்கு.

வேதத்தின் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. மோசேயின் நியாயப்பிரமாணத்தைத் திறந்தால், ஆடுமாடு வைத்துப் பிழைத்த, கறி சாப்பிட்ட ஒரு ஜனத்துக்குக் கொடுத்த சட்டங்கள் அவை. போரடிக்கிற மாட்டின் வாயைக் கட்டாதே என்கிறது உபாகமம் 25-ஆம் அதிகாரம். கூட்டில் தாய்ப்பறவையும் குஞ்சுகளும் இருந்தால் தாயைப் போகவிடு என்கிறது 22-ஆம் அதிகாரம். வலுவில் ஒவ்வாத மாட்டையும் கழுதையையும் ஒரே ஏரில் பூட்டக்கூடாது என்பதும் அதே அதிகாரத்தில்தான். தாயையும் குட்டியையும் ஒரே நாளில் அறுக்காதே என்கிறது லேவியராகமம் 22. உன்னைப் பகைக்கிறவனுடைய கழுதை பாரம் தாங்காமல் படுத்துக் கிடந்தால், அவன்மேல் உனக்குள்ள கோபத்தைக் கழுதைமேல் காட்டாதே, கைகொடுத்துத் தூக்கிவிடு என்பது யாத்திராகமம் 23. நீதிமான் தன் மிருகத்தின் உயிர்மேலும் அக்கறையாயிருப்பான் என்பது நீதிமொழிகள் 12-இன் சாரம்.

சிருஷ்டியின்மேல் மனுஷனுக்கு அதிகாரம் கொடுக்கப்பட்டது என்று ஆதியாகமம் முதல் அதிகாரத்தை எடுத்துக்காட்டுவோம். அந்த வசனத்துக்கு அடுத்த வசனத்தில் மனுஷனுக்கு ஆகாரமாகக் கொடுக்கப்பட்டது விதைதரும் பூண்டும் கனிமரமும் மட்டும்தான். இறைச்சிக்கு அனுமதி வருவது ஜலப்பிரளயத்துக்குப் பிறகு, 9-ஆம் அதிகாரத்தில். அதுவும் இரத்தத்தைப் பற்றிய நிபந்தனையோடு. அதே அதிகாரத்தில்தான் தேவன் நோவாவோடு மட்டுமல்லாமல் பேழையிலிருந்து இறங்கிய சகல ஜீவன்களோடும் உடன்படிக்கை செய்கிறார். வானவில்லை நமக்கான அடையாளமாகவே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். அதில் ஆட்டுக்கும் கோழிக்கும் பங்கு எழுதிக் கிடக்கிறது.

யோனாவை எடுத்துக்கொள்ளுங்கள். நம் பிள்ளைகளுக்கு மீன் வரைக்கும்தான் கதை தெரியும். நினிவே மனந்திரும்பியபோது ராஜா மனுஷரோடு மிருகங்களையும் உபவாசத்தில் சேர்த்தான், இரட்டை உடுத்தினான். கோபத்தோடு உட்கார்ந்திருந்த யோனாவிடம் தேவன் கடைசியாக ஒரு கேள்வி கேட்கிறார்: இலட்சத்து இருபதினாயிரம் பேரும் அநேக மிருகஜீவன்களும் இருக்கிற இந்தப் பட்டணத்துக்காக நான் பரிதபிக்கக்கூடாதா என்கிற கருத்தில். புத்தகம் அந்தக் கேள்வியோடு நின்றுவிடுகிறது. ஒரு தீர்க்கதரிசனப் புத்தகத்தின் கடைசி வார்த்தைகளில் மாடும் ஆடும் இருக்கின்றன. நான் கேட்ட யோனா பிரசங்கங்களில் ஒன்றுகூட அந்த மாடுகள் வரைக்கும் போனதில்லை.

இனி, நீங்கள் சொல்லப்போகிற மறுப்புகளுக்கு வருகிறேன். சாப்பாட்டு மேசைகளில் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறேன்.

முதலாவது: ‘பவுல் அப்போஸ்தலனே, தேவன் மாடுகளுக்காகவா கவலைப்படுகிறார் என்று கேட்டுவிட்டாரே?’ உண்மைதான், 1 கொரிந்தியர் 9. ஆனால் அவர் அங்கே எதற்காக வாதாடுகிறார்? ஊழியம் செய்கிறவனுக்கு ஊழியத்தால் பிழைக்க உரிமை உண்டு என்பதற்காக. உழைக்கிற மாட்டுக்கே தின்ன உரிமை உண்டு என்பதன்மேல்தான் அந்த வாதம் நிற்கிறது. மாட்டுக்கு உரிமை இல்லையென்று எடுத்துவிட்டால் போதகர் ஐயாவின் சம்பளமும் சேர்ந்து போய்விடும்.

இரண்டாவது: ‘இயேசு மீன் சாப்பிட்டார், இரண்டாயிரம் பன்றிகளைக் கடலில் போகவிட்டார்.’ மீன் சாப்பிட்டார் என்பதில் சந்தேகமில்லை. லூக்கா 24-இல் இருக்கிறது. அதனால்தான் நானும் சாப்பிடுவதைக் குறை சொல்லவில்லை. பன்றிக் கதையை வைத்துப் பரிசுத்த அகஸ்டின் மிருகங்களுக்கு நாம் கடன்பட்டவர்கள் அல்ல என்று எழுதியிருக்கிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் தோமா அக்குவினாஸ், மிருகத்தை வதைப்பது தப்பு, ஏனென்றால் அந்தப் பழக்கம் நாளைக்கு மனுஷனை வதைப்பதில் கொண்டுபோய் விடும் என்றார். திருச்சபைக்குள் இப்படி ஒரு கெட்டியான பார்வை நெடுங்காலம் இருந்தது. அதை மூடி மறைப்பதற்கில்லை. சரி, அக்குவினாஸின் அளவிலேயே நிற்போம். அவர் பயந்தது எதற்கு? இன்னொரு உயிரின் வலியைப் பார்த்துச் சிரிக்கப் பழகுவதற்கு. ஏலத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற நம் பிள்ளைகள் எதைப் பழகுகிறார்கள்?

அதே இயேசுதான் காசுக்கு விற்கப்பட்ட அடைக்கலான் குருவிகளைக் காட்டி, இவற்றில் ஒன்றும் பிதாவின் கவனத்துக்குத் தப்பியதில்லை என்று போதித்தார். அவர் காலத்துச் சந்தையில் ஏழைகள் வாங்கிய மலிவான கறி அது. மத்தேயு கணக்கில் ஒரு காசுக்கு இரண்டு, லூக்கா கணக்கில் இரண்டு காசுக்கு ஐந்து. மொத்தமாக வாங்கினால் ஒன்று இலவசம். அந்த இலவசக் குருவியும் கணக்கில் இருக்கிறது என்கிறார். ஓய்வுநாளில் கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்கிவிடமாட்டீர்களா என்று அவர் கேட்டபோது, தூக்குவார்கள் என்பது கேட்டுக்கொண்டிருந்த எல்லோருக்கும் தெரிந்தேயிருந்தது.

மூன்றாவது: ‘மனுஷனுக்கே இங்கே வழியில்லை, இதில் கோழிக்கு வக்காலத்தா?’ இதைச் சொல்கிறவர்களை நான் மதிக்கிறேன். இந்தச் சபையில் ஏழைகளுக்காக ஓடுகிறவர்கள்தான் பெரும்பாலும் இதைச் சொல்கிறார்கள். யாத்திராகமம் 23-இல் ஓய்வுநாள் கட்டளை எப்படி வருகிறது என்று பாருங்கள். மாடும் கழுதையும் இளைப்பாற வேண்டும், அடிமைப் பெண்ணின் பிள்ளையும் அந்நியனும் மூச்சுவிட வேண்டும் என்று எல்லாரையும் ஒரே வசனத்தில் சேர்த்துக் கட்டியிருக்கிறது. நாத்தான் தீர்க்கதரிசி தாவீது ராஜாவிடம் போய் நின்றபோது, ஏழையின் வீட்டில் பிள்ளைபோல் வளர்ந்த ஓர் ஆட்டுக்குட்டியின் கதையைச் சொல்லித்தான் ராஜாவின் பாவத்தை உடைத்துக் காட்டினான். ஆட்டுக்குட்டிக்காகக் கொதித்த பிறகுதான் உரியாவுக்குச் செய்த அநியாயம் தாவீதுக்கு உறைத்தது.

சரித்திரமும் இதையே சொல்கிறது. 1824 ஜூன் 16 அன்று லண்டனில் ஒரு காப்பிக் கடையில் சிலர் கூடி, உலகத்தின் முதல் தேசிய மிருகவதைத் தடுப்புச் சங்கத்தைத் தொடங்கினார்கள். கூட்டத்தைக் கூட்டியவர் ஆர்தர் புரூம் என்கிற ஆங்கிலிக்கன் குருவானவர். கூட இருந்தவர்களில் ஒருவர் வில்லியம் வில்பர்ஃபோர்ஸ்; அடிமை வியாபாரத்தை ஒழிக்க வாழ்நாளைக் கொடுத்தவர். மனுஷனுக்காகப் போராடிக்கொண்டே மாட்டுக்காகவும் பேச அவருக்கு நேரம் இருந்தது. புரூம் இந்த வேலைக்காகச் சபைப் பொறுப்பையே விட்டார். சங்கத்தின் கடனுக்காக 1826-இல் சிறைக்கும் போனார். அந்தச் சங்கத்தின் வழியில் 1861-இல் கல்கத்தாவில் கோல்ஸ்வொர்தி கிராண்ட் இந்தியாவின் முதல் மிருகவதைத் தடுப்புச் சங்கத்தைத் தொடங்கினார். இன்று ‘புளூ கிராஸ்காரன்’ என்று கேலி பேசுகிற நாம், இந்த வேலையின் அஸ்திவாரத்தில் ஒரு பாதிரியாரின் சிறைவாசம் இருப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

புரூமுக்கும் முன்னால் போகலாம். ஏழாம் நூற்றாண்டில் ஈசாக்கு என்று ஒரு சீரியத் துறவி இருந்தார். கொஞ்ச காலம் பிஷப்பாகவும் இருந்தார். எந்தப் பட்டணத்துக்கு? யோனாவின் அதே நினிவேக்கு. இரக்கமுள்ள இருதயம் எது என்று கேட்டவர்களுக்கு அவர் தந்த விளக்கத்தில் மனுஷரோடு பறவைகளும் மிருகங்களும் ஊர்வனவும் இடம்பெறுகின்றன. அவற்றின் நோவைப் பார்க்கப் பொறுக்காத இருதயம்தான் அது. கத்தோலிக்கச் சகோதரர்களுக்கு அசிசியின் பிரான்சிஸைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. வன அந்தோணியார் திருநாளான ஜனவரி 17-இல் ஆடுமாடுகளை ஆசீர்வதிக்கிற வழக்கமும் அவர்களுக்குத் தெரியும். காரணமின்றி மிருகங்களை நோகச் செய்வதும் கொல்வதும் மனித மாண்புக்கே விரோதம் என்பது அவர்களுடைய மறைக்கல்வி நூலின் 2418-ஆம் எண்ணில் இருக்கிறது. 2015-இல் போப் பிரான்சிஸ் தம் ‘லவுதாத்தோ சி’ மடலில் அதை மறுபடியும் எடுத்துவைத்தார். நம் புராட்டஸ்டண்ட் பக்கத்தில் ஜான் வெஸ்லி 1781-இல் ரோமர் 8-ஆம் அதிகாரத்தை வைத்து ஒரு பிரசங்கம் எழுதினார். சர்வ சிருஷ்டியும் தவிக்கிறது என்றால் அதில் மிருகங்களும் உண்டு, விடுதலையிலும் அவற்றுக்குப் பங்குண்டு என்பது அவர் வாதம்.

ஆக, இது நம் வீட்டுச் சொத்து. அப்படியென்றால் ஏன் நமக்கு இது இரவல் சரக்காகத் தெரிகிறது? இங்கேதான் நான்காவது மறுப்பு வருகிறது. மற்ற மூன்றையும்விட இதற்குத்தான் வலு அதிகம்: ‘அண்ணே, இது ஜைனர் சமாச்சாரம், வார்க்கரி சமாச்சாரம். இன்றைக்குக் கோழிக்கு இரக்கம் என்பீர்கள், நாளைக்கு நம் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்க ஆள் வரும்.’

இந்தப் பயம் வெறும் கற்பனை இல்லை. 2015-இல் மகாராஷ்டிரச் சட்டம் காளைகளையும் எருதுகளையும் அறுப்பதையும் சேர்த்துத் தடை செய்தது. 2016 மே மாதம் பம்பாய் உயர் நீதிமன்றம் தடையை ஏற்றுக்கொண்டது. ஆனால் வெளிமாநிலத்தில் அறுத்த மாட்டிறைச்சியை ஒருவர் வீட்டில் வைத்திருப்பதைக் குற்றமாக்கிய பிரிவை ரத்து செய்தது. அதற்கு முந்தைய செப்டம்பரில் உத்தரப் பிரதேசம் தாத்ரியில் மாட்டிறைச்சி என்கிற வதந்தியில் ஒரு மனிதரை அடித்தே கொன்றார்கள். மிருகத்தின்மேல் இரக்கம் என்கிற வார்த்தையைக் கேட்டாலே நமக்கு முதுகு விறைத்துக்கொள்வதற்கு இவ்வளவு காரணம் இருக்கிறது. தட்டில் என்ன இருக்க வேண்டும் என்று இன்னொருவர் தடியெடுத்துக்கொண்டு வந்து சொல்லக்கூடாது. அதில் நான் உங்கள் பக்கம்தான்.

ஆனால் அவர்களுக்கு எதிராக நிற்கிற அவசரத்தில் நம்முடைய கடமையையும் சேர்த்து வீசிவிட்டோம். பசுவை வைத்து இன்னொருவன் அரசியல் செய்கிறான் என்பதற்காகச் சேவலை வெயிலில் போட நமக்கு உரிமை வந்துவிடாது. தேஹுவின் துக்காராம் பக்தர்களான வார்க்கரிகள் துளசிமாலை போட்டால் இறைச்சி தொடமாட்டார்கள். அது அவர்கள் விரதம். நமக்கு அந்த விரதம் இல்லை, உபாகமம் இருக்கிறது. அவர்களைப் போல் ஆகிவிடுவோமோ என்று பயந்து உபாகமத்தை மூடி வைப்பதும் அவர்களுக்குப் பயப்படுவதுதான்.

இதே மண்ணில் இரண்டு கிறிஸ்தவர்கள் வாழ்ந்தார்கள். பண்டித ரமாபாய் 1883-இல் இங்கிலாந்தில் ஞானஸ்நானம் எடுத்தவர். பிற்பாடு நம் புனே மாவட்டத்துக் கேட்காவில் முக்தி மிஷனை நிறுவிப் பஞ்சத்தில் அடிபட்ட பெண்களையும் பிள்ளைகளையும் காப்பாற்றியவர். இங்கிலாந்தில் கன்னியர் மடத்தில் தங்கியிருந்தபோதும் தம் சைவ உணவை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. கிறிஸ்தவராவதற்குக் கறி சாப்பிட்டுக் காட்ட வேண்டும் என்கிற எதிர்பார்ப்புக்கு அவர் மசியவில்லை. மற்றவர் 1895-இல் ஞானஸ்நானம் எடுத்த ரெவரண்ட் நாராயண் வாமன் திலக். மராத்திச் சபைகளில் இன்றும் அவர் பாட்டுகளைப் பாடுகிறார்கள். அடிபட்ட ஒரு தாய்ப்பறவை விழுந்தும் எழுந்தும் குஞ்சுகளிடம் எப்படியாவது போய்ச் சேரத் தவிக்கிறதை ‘கேவடே ஹே க்ரௌர்ய’ என்கிற கவிதையில் எழுதியவர் அவர்தான். என்ன கொடுமை இது என்பது தலைப்பின் பொருள். மராத்தி படித்த தலைமுறைகளுக்குப் பாடமாக இருந்த கவிதை அது. நம் மராத்தி அண்டைவீட்டாருக்கு மனப்பாடமான அந்தக் கவிதையை எழுதியவர் ஒரு பாதிரியார் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அசனத்து ஆட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் 28-ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. ஒரு மதம் கோருகிற முறையில் மிருகத்தைக் கொல்வது இந்தச் சட்டப்படி குற்றமாகாது என்பது அதன் சுருக்கம். நம்மவர் சிலர் ‘எங்களுக்கும் மதச் சலுகை உண்டு’ என்று இதை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நம் மதம் எந்த முறையையும் கோரவில்லையே! எபிரெயர் நிருபம் முழுக்கச் சொல்வது, பலி ஒரே தரம் முடிந்துவிட்டது என்பதைத்தான். ராமநாதபுரம் மாவட்டத்து ஓரியூரில், 1693-இல் அருளானந்தர் வேதசாட்சியாக மரித்த இடத்தில், நேர்த்திக்கடனாக ஆடு வெட்டிச் சமைத்து வந்தவர்களோடு பகிர்ந்து சாப்பிடுகிற வழக்கம் கத்தோலிக்கரிடையே உண்டு. ஊர்ப் பழக்கம் சபைக்குள் வந்து தங்கியதற்கு அது ஓர் உதாரணம்; அந்தப் பகிர்வின் அழகை நான் மறுக்கவில்லை. ஆனால் நம் அசனத்து ஆடு பலியாடு அல்ல. அது சாப்பாடு. சாப்பாட்டுக்கான ஆடு என்றால் சாதாரணச் சட்டம்தான் பொருந்தும்.

அந்தச் சட்டம் கேட்பதும் அதிகமில்லை. 2001-இன் அறுவைக்கூட விதிகள், ஒரு மிருகத்தை இன்னொன்றின் கண்முன் அறுக்கக்கூடாது என்கின்றன. சினையானதையும், மூன்று மாதத்துக்குக் குறைந்த குட்டியுள்ள தாயையும் அறுக்கக்கூடாது என்கின்றன. லேவியராகமம் 22-ஐ வாசித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. வலி உண்டாக்கும் விதத்தில் மிருகத்தைத் தூக்கிச் செல்வதே குற்றம் என்கிறது 1960 சட்டத்தின் 11-ஆம் பிரிவு. முதல் தடவைக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய்க்குள். தளேகாவ் ஸ்டேஷன் வாசலில் இரண்டு வடாபாவும் சாயாவும் சாப்பிட்டால் அந்தக் காசு தீர்ந்துவிடும். சட்டம் நம்மைப் பயமுறுத்தப் போவதில்லை. மனசாட்சி என்ன செய்யும் என்பதுதான் கேள்வி.

கோழியைப் பற்றிப் பேசும்போது கறிக்கடைக்கு அப்பாலும் கொஞ்சம் பார்க்க வேண்டும். இந்தியாவின் கோழித் தொழிலுக்கு நம் புனே ஒரு தலைநகரம் மாதிரி. நாடு முழுக்க முட்டை விலையை அறிவிக்கிற தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு 1982-இல் தொடங்கியது. அதன் தலைமையிடம் இங்கேதான். அந்தக் குழுவின் இன்னொரு பெரிய மண்டலம் நம் நாமக்கல். ஆக, தமிழனுக்கும் புனேக்காரனுக்கும் முட்டையில் ஒரு சம்பந்தம் உண்டு. முட்டைக் கோழிகளில் பெரும்பாலானவை கம்பிக் கூண்டில் வாழ்கின்றன. ஒரு கோழிக்குக் கிடைக்கும் தரை, நாம் ஜெராக்ஸ் எடுக்கிற ஏ4 தாளைவிடச் சிறியது. இறக்கையை விரிக்க முடியாது. மண்ணைக் கிளற மண்ணே இல்லை. முட்டை இனத்தில் பொரிக்கிற சேவல் குஞ்சுகள் முட்டையிடாது, கறிக்கும் கட்டுப்படியாகாது. பொரித்த உடனே கொன்றுவிடுவதுதான் தொழில் வழக்கம். கறிக்கோழியின் ஆயுசு ஆறு வாரத்தை ஒட்டியே. இதையெல்லாம் பார்த்து 2017 ஜூலையில் இந்தியச் சட்ட ஆணையம் தன் 269-ஆம் அறிக்கையில் கோழிகளை அடைத்து வைப்பதற்கும் ஏற்றிச் செல்வதற்கும் தனி விதிகளையே வரைந்து கொடுத்தது.

இயேசு எருசலேமைக் குறித்துப் புலம்பியபோது தம்மை ஒரு தாய்க்கோழிக்கு ஒப்பிட்டார். குஞ்சுகளைச் சிறகுக்குள் சேர்க்கிற கோழி. கூண்டுக் கோழிக்குச் சிறகை விரிக்கவும் இடமில்லை, சேர்க்கக் குஞ்சும் இல்லை. அந்த வசனத்தைப் பிரசங்கித்துவிட்டு நேராகப் பந்திக்குப் போகிற நாம் இதைப் பற்றி ஒரு நிமிஷமாவது யோசிக்கலாம். யோசித்த பிறகு எல்லோரும் ஒரே முடிவுக்கு வர வேண்டும் என்றில்லை. ரோமர் 14-இல் பவுல், மரக்கறி சாப்பிடுகிறவனும் எல்லாவற்றையும் சாப்பிடுகிறவனும் ஒருவரையொருவர் அற்பமாக எண்ணக்கூடாது என்றுதானே சபைக்குள் சமாதானம் பண்ணி வைத்தார்.

இனி, கமிட்டியிடம் நான் கேட்பவை.

ஏலத்தில் உயிருள்ள எதையும் கட்டித் தூக்கிக் காட்ட வேண்டாம். சேவல் காணிக்கை தருகிறவர்கள் ‘ஒரு நாட்டுச்சேவல்’ என்று எழுதிய சீட்டைத் தரட்டும். சீட்டை ஏலம் விடுவோம். எடுத்தவர் பிறகு கொடுத்தவர் வீட்டில் போய் வாங்கிக்கொள்ளலாம். சீட்டுக்கு விலை ஏறாது என்று சொல்வீர்கள். ஐந்நூறு ரூபாய்க்குப் பூசணிக்காய் வாங்குகிறவர் பூசணிக்காகவா வாங்குகிறார்? உயிரோடு கொண்டுவந்தே தீருவேன் என்கிறவர்கள் காற்றோட்டமான கூடையில், நிழலில், தண்ணீரோடு கொண்டுவரட்டும்.

அசனத்துக்கு வளாகத்தில் ஆடு அறுப்பதை நிறுத்துவோம். உரிமம் பெற்ற இடத்தில் அறுத்த கறியை வாங்குவோம். கறி வெட்டுகிற ஆளுக்குப் பேரம் பேசாமல் நியாயமான கூலி கொடுப்போம். நாம் பார்க்க விரும்பாத வேலையை நமக்காகச் செய்கிறவர் அவர்.

பந்தியில் கறி ஒன்று போதும். ஆட்டுக்கறிக் குழம்பு இருக்கிற இலையில் கோழி வறுவலும் முட்டையும் கூடவே வருவது நம் பண வசதி ஏறிய பிறகு வந்த பழக்கம். ஊரில் பெரியவர்கள் போட்ட அசனத்தில் கறிச்சோறு ஒன்றுதான் இருந்தது, கூட்டம் குறைந்ததில்லை. மிச்சம் விழுந்து குப்பைக்குப் போகிற கறி இரண்டு தரம் பாவம்.

உலகச் சபைகள் பலவும் செப்டம்பர் 1 முதல் அக்டோபர் 4 வரையுள்ள நாட்களைச் சிருஷ்டிக்கான காலமாக ஆசரிக்கின்றன. அதில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொண்டு போதகர் ஐயா யோனா 4-ஐ மாடுகள் வரைக்கும் பிரசங்கிக்கட்டும். சண்டே ஸ்கூலில் பிலேயாமின் கழுதையைச் சிரிப்புக் கதையாகச் சொல்லாமல், தேவதூதன் முதலில் கேட்ட கேள்வி கழுதையை ஏன் அடித்தாய் என்பதுதான் என்று சொல்லிக்கொடுங்கள். மராத்தி வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் திலக்கின் கவிதையைப் பண்டிகை மேடையில் சொல்லட்டும். ஏலப் பணத்தில் ஒரு சிறு பங்கை, மாவள் தாலுகா பக்கம் அடிபட்ட விலங்குகளுக்கு வைத்தியம் பார்க்கிறவர்களுக்குக் கொடுப்போம். நம்மைப் பற்றி அக்கம்பக்கத்தில் என்ன பேசுகிறார்கள் என்பதற்காக இதைச் செய்ய வேண்டாம். கொடுப்பது சரி என்பதற்காகச் செய்வோம்.

இதில் எதற்கும் பெரிய செலவில்லை, யாருடைய அனுமதியும் தேவையில்லை. மறுத்துப் பேச விரும்புகிறவர்கள் வேதத்தோடு வாருங்கள், நானும் வேதத்தோடு வருகிறேன். கூட்டத்திலேயே பேசித் தீர்ப்போம். முழுவதையும் ஏற்க மனமில்லாவிட்டால் ஏலச் சீட்டிலிருந்தாவது தொடங்குங்கள். சீட்டு அச்சடிக்கிற செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன். எத்தனை வேண்டும் என்று மட்டும் கமிட்டிச் செயலர் சொல்லட்டும்.

இப்படிக்கு,
கர்த்தருக்குள் உங்கள் சகோதரன்,
சபையின் ஓர் அங்கத்தினன்,
தளேகாவ்